வெள்ளுடை தரித்த வர்த்தகர்

யுத்தகளத்தில் காயமுற்று வீழ்ந்தவன் எப்படையினனாயினும் அவனைப் பராமரிக்க வேண்டும் என்பது இன்று உலக நாடுகள் யாவும் ஏற்றுக்கொண்ட சட்டம். அதை மீறுவோர் உளர். ஆயினும் மீறுவோரும் தாம் மீறவில்லையென்றே சாதிக்கின்றனர். 1864ஆம் ஆண்டுக்கு முன்னர் அப்படிச் சாதிக்கவேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. சில வேளைகளில் எதிரெதிர்த் தளபதிகள் வைத்தியசாலைகளைத் தாக்குவதில்லை என்று தம்முள் உடன்படுவர். அந்த யுத்தம் முடிய அவ்வுடன்பாடும் முடிந்துவிடும்.

இந்நிலையை மாற்றியவர் மன்னருமல்லர், மந்திரியுமல்லர். 1828இல் ஜெனீவாவிற் பிறந்த ஹென்றி டுனான்ற், அல்ஜீரியாவில் மாவு ஆலை அமைக்க முயன்ற ஒரு வர்த்தகர். அதற்கு நீருரிமை கேட்டு மூன்றாம் நெப்போலியனைக் காணச் சென்றவர், 1859 ஜூன் 24இல் சொல்பெரினோப் போர் நிகழ்ந்த இடத்திற்கு அண்மையில் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 40,000 பேர் மாண்டும் காயமுற்றும் கிடந்தனர். அயலிலிருந்த காஸ்திலியோனே பட்டினத்தின் ஆலயத்தில் அவர் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர் என்ற பேதமின்றிக் காயங்களைக் கழுவிக் கட்டினார். அவர் அணிந்திருந்த வெள்ளுடையே அங்கு அவருக்குப் பெயராயிற்று.

1862இல் தாம் கண்டதைத் தம் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டு ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பினார். அடுத்த ஆண்டு சட்டத்தரணி மொய்னியே, தளபதி டுபூர், வைத்தியர்கள் அப்பியா, மொனுவார் ஆகியோருடன் ஐவர் குழு ஒன்று அமைந்தது. யுத்தகள வைத்தியரும் தாதியரும் நடுநிலையாளராகக் கருதப்படவேண்டும் என்று டுனான்ற் பேர்லினில் துணிந்து பிரசாரஞ் செய்தபோது, அது நடவாத காரியம் என்று எண்ணியவர் மொய்னியே. ஆனால் நடந்தது. 1864 ஆகஸ்ட் 22இல் பன்னிரு நாடுகள் ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதில் இருந்தவை பத்தே பிரிவுகள். ஒப்பமிடாதிருந்த ஆஸ்திரியா, 1866இல் பிரஷியாவிடம் தோற்றபின் தானும் சேர்ந்துகொண்டது. கொள்கை பரவியதற்கு மனச்சாட்சி மட்டுமல்ல, அனுபவமுங் காரணம் என்றே சொல்லவேண்டும்.

டுனான்றின் சொந்த வாழ்வோ சரிந்தது. 1867இல் அவர் தொழில் முறிந்தது. கடன்காரருள் நண்பரும் உறவினரும் இருந்தனர். ஜெனீவா நீதிமன்றம் அவரைக் குற்றங்கண்டது. குழுவிலிருந்தும் நீக்கப்பட்டார். தம் பிறந்த நகருக்கு அவர் பின்னர் திரும்பவேயில்லை. நண்பரின் பணம் போனதற்கு அவர் பொறுப்பாளிதான், அதை மறைப்பதற்கில்லை. எனினும் மொய்னியே காட்டிய கடுமை அக்குற்றத்தை மிஞ்சியது.

அவர் வறுமையில் அலைந்த காலத்தில் உடன்படிக்கை அவரின்றியே வளர்ந்தது. 1876இல் துருக்கியர் சிலுவைக்குப் பதிலாகச் செம்பிறையைத் தம் சின்னமாக்கினர். தரையிற் காயமுற்ற போர்வீரருக்கெனத் தொடங்கிய பாதுகாப்பு பின்னர் கடற்படையினருக்கும், 1929இல் யுத்தக் கைதிகளுக்கும், 1949இல் பொதுமக்களுக்கும் விரிந்தது.

1895இல் ஹைடன் கிராமத்து வைத்தியசாலையில் ஒரு பத்திரிகையாளர் முதியவரைக் கண்டு எழுதியபின்பே, அவர் உயிருடனிருப்பதை உலகம் அறிந்தது. 1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரெஞ்சுக்காரரான பசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. 1910 ஆகஸ்டில் மொய்னியே இறந்தார், இருவரும் ஒப்புரவாகவில்லை. அக்டோபர் 30இல் டுனான்றும் கண்மூடினார். அவர் விருப்பப்படி சூரிச்சில் சடங்கெதுவுமின்றி அடக்கம் நடந்தது. ஹைடன் வைத்தியசாலையில் ஏழை நோயாளருக்கு எப்போதும் ஓர் இலவசக் கட்டில் இருக்கவேண்டுமென மரணசாசனத்தில் பணம் ஒதுக்கியிருந்தார்.