விலையில்லாச் செந்நீர்: ரிச்சர்டு டிட்மஸ் வாழ்க்கை

கொடை என்றவுடன் தமிழர் நெஞ்சில் பாரியும் பேகனும் தோன்றுவர். ஆயினும் திருவனந்தபுரத்தில் பயிலும் நமக்கு அவர்களினும் அண்மையில் உள்ளவன் ஆய் அண்டிரன். கிழக்கே எழுந்து நிற்கும் பொதியில் மலை அவனுக்கு உரியது. இப்பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் பயன் வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வணிகன் அல்லன் அவன் என்று முடமோசியார் அவனைப் புகழ்ந்தார். கொடைக்கும் வாணிகத்திற்கும் இடையே ஒரு கோடு உண்டு என்பதை அப்புலவர் அன்றே கண்டுகொண்டார்.

அந்தக் கோட்டை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் ஆராய்ந்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் பொன்னும் அன்று, யானையும் அன்று, மனிதனின் குருதி. முகமறியாத ஒருவனுக்கு ஒருவன் தன் குருதியை ஏன் கொடுக்கிறான்? பணம் தந்தால் இன்னும் மிகுதியாகக் கொடுப்பானா? அல்லது பணம் நுழைந்த இடத்தில் கொடை வெளியேறிவிடுமா? இவ்வினாக்களைக் கேட்டவர் ரிச்சர்டு டிட்மஸ். அவர் மருத்துவர் அல்லர்; பொருளாதாரப் பட்டம் பெற்றவரும் அல்லர். உண்மையைச் சொன்னால், அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றதில்லை.

1907ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், இங்கிலாந்தில் லூட்டன் நகரை அடுத்த ஒரு சிற்றூரில், சிறு உழவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பதினான்காம் வயதிலே பள்ளிப்படிப்பு முடிந்தது. கணக்கெழுதும் வேலையைச் சில மாதங்கள் கற்றுக்கொண்டு அலுவலகப் பையனாகச் சேர்ந்தார். 1926இல் தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு பதினெட்டு வயது இளைஞரின் தோளில் விழுந்தது. தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே பதினாறு ஆண்டுகள் உழைத்தார்.

காப்பீட்டு அலுவலகத்தின் பேரேடுகளே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயின. எத்தனை பேர், எந்த வயதில், எந்த ஊரில் இறக்கிறார்கள் என்ற எண்கள் பிறருக்கு வெறும் எண்களாகத் தெரிந்தன. அவருக்கோ அவை அழுகுரல்களாகக் கேட்டன. ஒரே நாட்டில், ஒரே ஆட்சியின்கீழ், வறியவர் வாழும் வட்டாரங்களில் மட்டும் சாவு ஏன் மிகுதி? பகலில் அலுவலக வேலை. இரவில் இந்த ஆராய்ச்சி. 1937இல் அவரை மணந்த கேத்லீன், வேலையற்றோரிடையே தொண்டு செய்தவர். கணவரின் உழைப்புக்கு அவரே தூண்டுகோலாக விளங்கினார். வறுமையும் மக்கள்தொகையும் பற்றிய டிட்மஸின் முதல் நூல் 1938இல் வெளிவந்தது. ஏழைக் குழந்தைகளின் சாவைப் பற்றிய மற்றொரு நூல் 1943இல் வந்தது.

இரண்டாம் உலகப்போர் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. போர்க்காலச் சமூகப் பணிகளின் வரலாற்றை எழுதும் பொறுப்பை 1942இல் அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. பகலில் வரலாறு எழுதியவர், இலண்டன் மீது குண்டுகள் விழுந்த நாட்களில் தூய பவுல் பேராலயத்தின் தீக்காவற் படையில் இரவுக் காவலும் இருந்தார். உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒரே பதுங்கிடத்தில் தங்கி, ஒரே பங்கீட்டு உணவை உண்ட காலம் அது. இடுக்கண் வந்தபோது மக்கள் அயலாரைத் தம்மவராக எண்ணினர். அமைதிக் காலத்திலும் அந்த எண்ணம் நிலைக்க வழி உண்டா என்பதே அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பொருளாயிற்று.

அவர் எழுதிய போர்க்கால வரலாறு 1950இல் வெளிவந்தது. அதே ஆண்டு, இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூக நிருவாகத் துறையின் முதற் பேராசிரியராக அவர் அமர்ந்தார். பட்டமில்லாத எழுத்தர் பட்டதாரிகளுக்கு ஆசிரியரானார்! தமிழர் பலர் குடியேறி வாழும் மொரீசியசுத் தீவின் மக்கள்தொகைச் சிக்கலை ஆராய்ந்து, ஏபெல்-சுமித்துடன் சேர்ந்து 1961இல் ஓர் அறிக்கையும் அளித்தார்.

இனி, குருதிக்கு வருவோம். இங்கிலாந்தில் தேசிய இரத்த மாற்றுப் பணி 1946இல் தொடங்கியது. அங்கே கொடுப்பவருக்குப் பணம் இல்லை; தேநீரும் பிஸ்கோத்தும் நன்றியுமே உண்டு. யாருக்குக் குருதி போகிறது என்பதைக் கொடுத்தவர் அறியார். யாரிடமிருந்து வந்தது என்பதைப் பெற்றவரும் அறியார். 1968இல் கூப்பர், குலியர் என்னும் இரு பொருளியலார் ஒரு சிறுநூல் எழுதினர். மற்றப் பண்டங்களைப் போலக் குருதிக்கும் விலை வைத்தால் பற்றாக்குறை தீரலாம் என்பது அவர்கள் வாதம். டிட்மஸ் அதனை ஏற்கவில்லை. ஆனால் வெறும் உணர்ச்சியால் மறுக்கவும் அவர் விரும்பவில்லை, எண்களைத் தேடினார்.

1967இல் சுமார் 3,800 ஆங்கிலக் கொடையாளரிடம், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டு அவர் விடைகளைத் திரட்டியிருந்தார். சிலர் தம் உயிரையோ தம் பிள்ளையின் உயிரையோ முன்னொரு நாள் காத்த குருதிக்கு நன்றியாகக் கொடுத்தனர். சிலர் நாளை நமக்கும் வேண்டியிருக்கும் என்று எண்ணினர். சிலர் கடமை என்றனர். வானொலி அழைப்பைக் கேட்டு வந்தவரும், நண்பர் இழுத்துவர வந்தவரும் இருந்தனர். பிறருக்கு உதவவேண்டும் என்பதற்குமேல் காரணம் சொல்லத் தெரியாதவரும் பலர்.

பல நாடுகளின் வழக்கங்களை ஒப்பிட்டு, கொடையாளரை அவர் எட்டு வகையாகப் பிரித்தார். கொடுக்குந்தோறும் காசு பெறுபவர். அதையே பிழைப்பாகக் கொண்டவர். காசு பெற்றாலும் காசுக்காக வரவில்லை என்பவர். தாம் பெற்ற குருதிக்கு ஈடு செலுத்துபவர். குடும்பத்தின் எதிர்காலத் தேவைக்காக முன்கூட்டிச் சேமிப்பவர். சிறையிலும் படையிலும் உள்ளாரைப்போல மறுக்க இயலாதவர். விடுமுறை முதலிய சலுகைக்காக வருபவர். யாதொன்றும் பெறாமல் யாருக்கென்றும் அறியாமல் கொடுப்பவர். இந்த எட்டாம் வகையாரைக்கூட அவர் தேவர்களாக்கவில்லை. தன்னலத்தின் சாயல் சிறிதும் படியாத கொடை உலகில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே அவர்களை உயர்ந்தோர் என்றார்.

அமெரிக்காவிலோ எட்டாம் வகையார் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அவர் கணக்கிட்டார். அங்கே வறியோர் வாழும் தெருக்களில் குருதிக் கடைகள் இருந்தன. கான்சாஸ் நகரத்து மருத்துவமனைகள் வணிகக் கடையின் குருதியை வாங்க மறுத்தன. அஃது ஒரு வாணிகத்தைத் தடுத்த குற்றம் என்று வணிக ஆணையம் 1966இல் முடிவு கூறியது. 1969இல்தான் நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. குருதி சரக்காகிவிட்டால், அதை வாங்க மறுப்பதும் குற்றமாகிவிடுகிறது!

அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது அவருடைய அடுத்த வாதம். அக்காலத்தில் குருதி வழியே பரவும் மஞ்சட்காமாலையைக் கண்டுபிடிக்க நம்பத்தக்க சோதனை இல்லை. சோதனைக்குழாய் கைவிட்ட இடத்தில் காவலாக நின்றது ஒன்றே: கொடுப்பவரின் உண்மை. உனக்கு அண்மையில் நோய் இருந்ததா என்று கேட்டால், பிறருக்கு உதவ வந்தவருக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அன்றைய சோற்றுக்குக் காசு தேடி வந்தவருக்கோ தேவை உண்டு. குற்றம் அவருடையதன்று; பசியுடையது. ஆகவே, விலை கொடுத்து வாங்கிய குருதி நோயையும் உடன் கொண்டுவந்தது. ஜப்பானில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப விற்றதால் செவ்வணுக்கள் குறைந்து வெளிறிய குருதியை மக்கள் மஞ்சள் இரத்தம் என்றே அழைத்தனர். 1964இல் டோக்கியோவில் கத்திக்குத்துப்பட்ட அமெரிக்கத் தூதர் ரைஷோவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தால் கல்லீரல் அழற்சி வந்தது. அதே ஆண்டில் அந்நாட்டு அமைச்சரவை கொடைமுறைக்கு மாறத் தீர்மானித்தது.

இவற்றையெல்லாம் தொகுத்துக் கொடையுறவு பற்றி டிட்மஸ் எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. அமெரிக்க அமைச்சர் ரிச்சர்ட்சன் அதைப் படித்து, நாட்டின் இரத்தக் கொள்கையை மாற்ற முனைந்தார். 1978 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பையின்மேலும், உள்ளே இருப்பது காசுக்கு வந்ததா, கொடையாக வந்ததா என்று பொறிக்கவேண்டும் என்பது சட்டமாயிற்று.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. பொருளியல் மேதை கென்னத் ஆரோ 1972இல் ஒரு நேரிய வினாவை எழுப்பினார்: விற்பவன் விற்கட்டும், அதனால் கொடுப்பவனின் கொடை எவ்வாறு கெடும்? அவ்வினாவுக்கு விடை சொல்லச் சோதனைகள் பின்னால்தான் வந்தன. சுவீடனில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், காசு தருவதாகச் சொன்னபோது குருதி கொடுக்க முன்வந்த பெண்களின் தொகை நூற்றுக்கு 52இலிருந்து 30ஆகக் குறைந்தது. அக்காசை அறநிலையத்துக்கு வழங்கலாம் என்றதும் பழைய நிலைக்கு ஏறியது. ஆண்களிடம் அத்தகைய மாற்றம் தெளிவாகக் காணப்படவில்லை. வேறு நாடுகளில் நடந்த பிற்கால ஆய்வுகளோ, சிறு பரிசுகள் கொடையாளரைப் பெருக்குகின்றன, தீங்கு விளைவிக்கவில்லை என்று காட்டின. எனவே டிட்மஸ் சொன்னது முற்றும் மெய் என்பதற்கில்லை. ஊக்கம் வேறு, கூலி வேறு. இரண்டுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதே இன்றும் ஆராயப்படும் வினா.

ஆனால் அவர் அஞ்சியது அவருடைய நாட்டிலேயே நடந்தது. அமெரிக்காவில் காசு கொடுத்துத் திரட்டிய குருதி நீரிலிருந்து செய்த மருந்தை, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்து இறக்குமதி செய்து, இரத்தம் உறையாத நோயுடையோருக்குக் கொடுத்தது. அம்மருந்தாலும், ஏற்றப்பட்ட இரத்தத்தாலும் 30,000 பேருக்கு மேல் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்கு ஆளாயினர். சுமார் 3,000 பேர் மாண்டனர் என்று 2024 மே மாதத்தில் விசாரணைக்குழு அறிவித்தது. உள்நாட்டுக் கொடையாளரின் இரத்தத்தாலும் நோய் பரவியது உண்மையே. எனினும் விலைக்கு வாங்கிய குருதியை நாடிய பிழை பெரும்பிழை.

அந்தத் துயரத்தைக் காண டிட்மஸ் உயிரோடு இல்லை. 1972இல் அவரைப் புற்றுநோய் பற்றியது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சைக்காக நாள்தோறும் காத்திருந்தபோது, டிரினிடாட் தீவிலிருந்து குடியேறிய இளைஞர் ஒருவரும் அதே நேரத்தில் வருவதுண்டு. அவருக்கும் அதே கொடுநோய். ஒருநாள் பேராசிரியர் முந்துவார். மற்றொரு நாள் இளைஞர் முந்துவார். யார் முந்துவது என்பதை முடிவு செய்தது நிறமும் அன்று, செல்வமும் அன்று. இலண்டன் தெருக்களின் வண்டி நெரிசலே. தம் வாழ்நாள் கொள்கை கண்முன் நடப்பதைக் கண்டு அவர் நிறைவு கொண்டார்; அதனை எழுதியும் வைத்தார். 1973 ஏப்ரல் 6ஆம் நாள் மறைந்தார். அவருடைய மகள் ஆன் ஓக்லி, ஜான் ஆஷ்டனுடன் சேர்ந்து 1997இல் தந்தையின் நூலைப் புதுக்கி வெளியிட்டார்.

நம் நாட்டிலும் குருதி விற்றுப் பிழைத்தோர் இருந்தனர். காமன் காஸ் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 சனவரி 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 சனவரி முதல் குருதி விற்பனை தடுக்கப்பட்டது. இன்று மருத்துவமனை கேட்கும் தொகை, சோதனைக்கும் பதப்படுத்தலுக்கும் உரிய கட்டணமேயன்றிக் குருதியின் விலையன்று. குருதிப் பையை உள்நாட்டிலேயே செய்யும் முறையை வகுத்தது நம் ஊரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம்; அதனைச் செய்யும் தொழிற்சாலையும் இவ்வூரிலேயே எழுந்தது. பைக்கு விலை உண்டு. உள்ளே இருக்கும் செந்நீருக்கு விலை இல்லை.

விற்பனை நின்றது, ஆனால் ஈடு கேட்கும் வழக்கம் நாட்டில் பல இடங்களில் இன்னும் மறையவில்லை. ஒரு பை பெற்றால் உறவினர் ஒரு பை கொடுக்கவேண்டும். உள்ளூர்க்காரருக்கு அண்ணன் தம்பியர் உண்டு, அயலூரிலிருந்து வந்தவருக்கு? நாகர்கோவிலிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் நோயாளியோடு ஒரே ஒரு துணையாக வந்திருக்கும் அக்காவோ, வயது முதிர்ந்த அப்பாவோ, ஆளுக்கு எங்கே போவார்? ஈடு தேடும் அந்த நெருக்கடியிலேதான் மறைவாகக் காசுக்குக் குருதி தரும் தரகன் நுழைகிறான். முன்பே நிரம்பியிருக்கும் குருதி வங்கி ஒன்றே அவனுக்குக் கதவடைக்கும்.

நண்பர்களே! நாமும் மலை தாண்டி வந்தவர்கள். இங்கே நமக்குக் குருதி உறவினர் இல்லை. ஆனால் குருதியால் உறவினரை ஆக்கிக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பி, 45 கிலோ எடையும் போதிய இரத்தச் செறிவும் உடையவர், ஆண்களானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்களானால் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். செவ்வணுக்களை ஐந்தாறு வாரமும், தட்டணுக்களை ஐந்து நாளும் மட்டுமே சேமித்துவைக்க இயலும். எனவே ஆண்டுக்கொரு விழாவெடுத்துக் கூட்டமாகக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிலர் முறை வைத்துக் கொடுப்பதே பயன் மிக்கது.

முகாமுக்குச் சென்றால் வகுப்பில் வருகைப் பதிவு கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவை இல்லாத நாளிலும் நாம் போவோமா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். எட்டு வகையில் நாம் எந்த வகை என்பதை அந்த விடை காட்டிவிடும். பொதியில் மலைக்கு மேற்கே வாழும் நாம், ஆய் அண்டிரனின் பக்கத்து ஊரார் அல்லவா?