நீலமலைக்கு வந்த ஓவியர்

மலையும் ஆறும் மேகமும் நீலமலையில் வாழும் நமக்கு நாள்தோறும் கிடைக்கும் காட்சிகள். நாள்தோறும் கிடைப்பதாலேயே நாம் அவற்றை நின்று பார்ப்பதில்லை. ஆனால் இத்தகைய காட்சிகளைத் தேடி, நோயுற்ற உடலோடு கடல் கடந்து வந்தார் ஒருவர். அவர்தாம் ஆங்கில ஓவியர் எட்வர்டு லியர். ஆந்தையும் பூனையும் படகேறிச் செல்லும் வேடிக்கைப் பாட்டை இயற்றியவரும் இவரே!

லியர் 1812-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் லண்டனை அடுத்த ஹாலோவேயில், 21 பிள்ளைகளில் 20-ஆவதாகப் பிறந்தார். தந்தை பணமுடையில் சிக்கவே, மூத்த தமக்கை ஆன் தாயாக இருந்து அவரை வளர்த்தார். சிறு வயது முதலே அவருக்கு வலிப்பு நோய் உண்டு. அந்நாளில் அதை இழிவாகக் கருதினர். ஆகவே வாழ்நாள் முழுவதும் அதைப் பிறர் அறியாமல் மறைத்தே வாழ்ந்தார். கண்பார்வையும் குறைவு.

ஏறக்குறைய நம் வயதிலேயே படம் வரைந்து விற்றுப் பிழைக்கத் தொடங்கினார். உயிருள்ள கிளிகளைப் பார்த்து அவர் வரைந்த நூல் 1832-இல் நிறைவுற்றுப் பெரும்புகழ் தந்தது. 1846-இல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியம் கற்பித்தார். எனினும் தம் பயிற்சி போதாதென்று எண்ணி, 1850-இல், 37 வயதில், ராயல் அகாடமிப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். என்னே அவர் பணிவு!

வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1873 நவம்பரில் பம்பாய் வந்திறங்கினார். அப்போது வயது 61. காசியில் கங்கைக் கரையையும், டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவையும் வரைந்தார். 1874-இல் தென்னாட்டுக்கு வந்து, குன்னூரையும் உதகையையும் கண்டார். குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-இல்தான். அதற்கு முன் அந்த முதியவர் இம்மலை ஏற எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்!

மலையில் மேகம் ஒரு நொடியில் மூடும், மறுநொடியில் விலகும். எனவே லியர் நின்ற இடத்திலேயே பென்சிலால் விரைந்து கோடு வரைவார். எங்கே என்ன நிறம் என்பதைப் படத்தின்மேலேயே சொற்களால் குறிப்பார். நாளையும் நேரத்தையும் எழுதுவார். பின்னர் ஓய்வாக அமர்ந்து மையும் வண்ணமும் தீட்டுவார்.

ஊர் திரும்பிய பின் அவர் தீட்டிய பெரிய கஞ்சன்ஜங்கா ஓவியத்தில், கீழே மரங்கள் அடர்ந்த சரிவும் சின்னஞ்சிறு மனிதர்களும், நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கும், மேலே பனிச்சிகரமும் உள்ளன. முதலில் அம்மனிதர்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை மேலே கொண்டு சென்றால்தான் மலையின் உயரம் நமக்கு விளங்கும்.

1875 ஜனவரியில் இந்தியாவை விட்டுச் சென்ற லியர், 1888 ஜனவரி 29 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் மறைந்தார். அவருடைய இந்தியச் சித்திரங்கள் பலவற்றை ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் காத்து வருகிறது.

நோயும் வறுமையும் அவர் கண்களை மூடவில்லை. நல்ல உடலும் நல்ல பார்வையும் பெற்ற நாம், நம் மலைகளைக் கண் திறந்து காண்போமாக!