பூச்சியறிஞர் ரைலி

காஞ்சி மாநகர் கோயில்களாலும் பட்டாலும் புகழ்பெற்றது. அங்குள்ள ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரம் ஆகும். ஏகாம்பரம் என்னும் பெயரே ஒற்றை மாமரம் என்னும் பொருளைத் தருவது. கனிதரும் மரத்தைத் தெய்வத்தோடு சேர்த்துப் போற்றிய அந்நகரிலேயே, ஒரு சிறு புழு தந்த இழையைக் கொண்டு உலகம் வியக்கும் ஆடை நெய்யப்படுகிறது. மரத்தின் பயனையும் பூச்சியின் பயனையும் ஒருங்கே அறிந்த ஊர் அது.

ஆயினும், பூச்சி என்றவுடன் மக்கள் மனத்தில் முதலில் தோன்றுவது பயிரின் அழிவே. மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியும் மாங்கொட்டையைத் துளைக்கும் கூன்வண்டும் உழவரின் உழைப்பைச் சூறையாடுவதால் அவ்வெண்ணம் எழுந்தது. தீமை செய்யும் பூச்சியை அடக்கவல்ல படை, பூச்சிகளுக்குள்ளேயே இருக்கிறது. அவ்வுண்மையை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டிய அறிஞர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே சார்லஸ் வாலண்டைன் ரைலி.

இளமைப் பருவம்

ரைலி 1843-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரில் பிறந்தார். இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்ப் புறத்தில் வளர்ந்தார். பின்னர்ப் பிரான்சு நாட்டிலும் செருமனி நாட்டிலும் பள்ளிக்கல்வி பெற்றார். ஓவியம் வரைவதில் அவருக்கு இயல்பாகவே பெருந்திறமை இருந்தது. வண்ணத்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் பிடித்து வைத்து, அவற்றின் உறுப்புகளை உற்றுநோக்கி அப்படியே வரைவார். அவருடைய ஆசிரியர் அவரை ஓவியக் கலைஞராக்க விரும்பினார். ஆனால், காலம் அவரை வேறு வழியில் செலுத்தியது.

பதினேழு வயதில் ரைலி கடல் கடந்து அமெரிக்கா சென்றார். இல்லினாய் மாநிலத்தில் ஒரு பண்ணையிற் சேர்ந்து உழைத்தார். விதைத்தும் அறுத்தும் கால்நடை பேணியும் வாழ்ந்த அந்நாட்களில், ஓர் ஆண்டின் பயிர் ஒரு திங்களுக்குள் பூச்சிகளால் அழிவதைக் கண்ணாரக் கண்டார். உழவரின் துன்பத்தை நூல்களிற் கற்காமல் வயலிலேயே கற்றார். பின்பு சிக்காகோ நகரில் உழவர்க்கெனவே வெளிவந்த இதழ் ஒன்றில் சேர்ந்து, பூச்சிகளைப் பற்றி எழுதியும் வரைந்தும் புகழ்பெற்றார்.

மிசௌரியில் ஆற்றிய பணி

1868-ஆம் ஆண்டில் மிசௌரி மாநில அரசு ரைலியைத் தன் பூச்சியியல் அறிஞராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. ஆண்டுதோறும் அவர் எழுதிய அறிக்கைகள் ஒன்பது ஆகும். ஒவ்வொரு பூச்சியும் எங்கே முட்டையிடும், எதனை உண்ணும், எங்கே கூட்டுப்புழுவாக உறங்கும், எதற்கு இரையாகும் என்பன அவற்றில் தெளிவாக விளக்கப்பட்டன. அவரே வரைந்த படங்கள் அவ்வறிக்கைகளை அணிசெய்தன.

பிளம் பழத்தைத் துளைக்கும் கூன்வண்டின் புழுக்களைச் சிறு குளவிகள் தம் குஞ்சுகளுக்கு இரையாக்குவதை ரைலி கண்டார். 1870-ஆம் ஆண்டளவில் அக்குளவிகளை மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் அனுப்பிப் பரப்ப முயன்றார். யக்கா என்னும் செடியின் மலரில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறிய வெள்ளை அந்துப்பூச்சியே என்பதையும் அவர் ஆராய்ந்து கூறினார். அப்பூச்சி இன்றேல் அச்செடி காய்ப்பதில்லை. அச்செடி இன்றேல் அப்பூச்சியின் குஞ்சுகளுக்கு உணவில்லை. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறைக்கு இது சிறந்த சான்றாகும்.

1870-களின் நடுவில் வெட்டுக்கிளிக் கூட்டம் அந்நாட்டுச் சமவெளிகளைப் பாழாக்கியது. வானை மறைத்து வந்திறங்கிய அக்கூட்டம் வயல்களில் பசுமையே இல்லாமற் செய்தது. அக்காலத்தில் ரைலி நாடெங்கும் சுற்றி உழவர்க்கு வழிகாட்டினார். பஞ்சத்தால் வாடியோர்க்கு வெட்டுக்கிளியும் உணவாகும் என்று கூறி, அதனைச் சமைக்கச் செய்து தாமே உண்டு காட்டினார். பட்டுப்புழு வளர்ப்பிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. அதனைக் குடும்பத் தொழிலாகச் செய்யும் முறையை விளக்கி நூல் ஒன்று எழுதினார்.

பிரான்சு நாட்டுக் கொடிமுந்திரி

அந்நாட்களில் பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமற் பட்டுப்போயின. கொடியின் வேரில் வாழும் பிலாக்சரா என்னும் மிகச் சிறிய பூச்சியே அதற்குக் காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் கண்டனர். அது அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சியே என்பதை ரைலி உறுதிப்படுத்தினார். அமெரிக்கக் கொடிகளின் வேர் அப்பூச்சியைத் தாங்கவல்லது என்பதையும் எடுத்துரைத்தார். அவ்வேர்க்கொடிகளின்மேல் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டுக்கட்டும் முறையால் அந்நாட்டின் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. பிரெஞ்சு அரசு அவருக்குப் பொற்பதக்கம் அளித்துப் போற்றியது.

இப்பணியின்போது அவர் மற்றொரு முயற்சியும் செய்தார். பிலாக்சராவைத் தின்னும் சிற்றுண்ணி ஒன்றை 1873-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு அனுப்பினார். அவ்வுண்ணி அங்கே பிழைத்தது. ஆனால், பகைப்பூச்சியை அடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முயற்சி தோற்றது; கருத்து தோற்கவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு மாற்று, அதன் தாய்நாட்டிலேயே கிடைக்கும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றி நின்றது.

ஆரஞ்சுத் தோட்டங்களின் மீட்பு

கலிபோர்னியாவில் 1868-ஆம் ஆண்டளவில் புதிய செதில்பூச்சி ஒன்று காணப்பட்டது. அதன் பெண் பூச்சி தன் உடலின் பின்புறத்தே பஞ்சு போன்ற வெண்பொதியைச் சுமந்து, அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது வடிக்கும் இனிய கசிவில் கரும்பூசணம் படரும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆரஞ்சு மரங்கள் பனி பெய்தனபோல் வெளுத்து வாடின. உழவர் மண்ணெண்ணெய்க் கலவையைத் தெளித்தனர். மரத்தைத் துணியால் மூடி நச்சுப்புகையிட்டனர். ஒன்றும் முற்றும் பயன்படவில்லை. பலர் தாம் நட்டு வளர்த்த மரங்களைத் தம் கையாலேயே வெட்டி எரித்தனர்.

ரைலி அப்போது வாசிங்டனில் நடுவணரசின் வேளாண்துறைப் பூச்சியியல் தலைவராக விளங்கினார். அச்செதில்பூச்சி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது என்று தெளிந்தார். அங்கே அது பெருங்கேடு செய்யாமல் இருப்பதற்குக் காரணம், அதனைத் தின்னும் பகைவர் உடனிருப்பதே என முடிவு செய்தார். ஆனால், வேளாண்துறையின் பணத்தை வெளிநாட்டுப் பயணத்திற்குச் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை. 1888-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் ஒரு பொருட்காட்சி நடைபெறவிருந்தது. அதற்குச் செல்லும் குழுவின் சார்பில் தம் உதவியாளர் ஆல்பர்ட் கோபெலேயை ரைலி அனுப்பிவைத்தார்.

ரைலி பெரிதும் நம்பியது, செதில்பூச்சியினுள் வளர்ந்து அதனைக் கொல்லும் ஒரு சிறு ஈயையே. கோபெலே அவ்வீயைத் திரட்டியதோடு நில்லாமல், அடிலெய்டு நகரில் செந்நிறமும் கருநிறமும் விரவிய ஒரு சிறு பொறிவண்டு அச்செதில்பூச்சியைத் தின்பதையும் கண்டார். வெடாலியா என்று பெயர்பெற்ற அவ்வண்டுகளைக் கப்பலில் அனுப்பினார். மூன்று தவணைகளில் உயிரோடு வந்து சேர்ந்தவை முதலில் 28, பின்பு 44, அதன்பின் 57. ஆக 129 வண்டுகளே. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஆரஞ்சு மரம் ஒன்றைச் சல்லாத்துணிக் கூடாரத்தால் மூடி, அதனுள் அவற்றை விட்டனர். சில திங்களில் அம்மரம் தூய்மையாயிற்று. 1889-ஆம் ஆண்டு சூன் திங்களுக்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் இருநூற்றுக்கு மேற்பட்ட உழவர்க்கு வழங்கப்பட்டன. ஓராண்டு முடிவதற்குள் அப்பகுதியின் தோட்டங்கள் மறுவாழ்வு பெற்றன.

பழத்தோட்டத்தில் பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்குவது முற்றிலும் புதிய செயலன்று. சீன நாட்டு உழவர் பல நூற்றாண்டுகட்கு முன்பே முசுறு எறும்பின் கூடுகளை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரங்களில் வைத்தனர். ஆயினும், பகைவனின் பிறப்பிடத்தை ஆய்ந்தறிந்து, கடல் கடந்து சென்று, அதன் மாற்றாரைக் கொணர்ந்து முழுவெற்றி கண்டது இதுவே முதன்முறையாகும்.

குணமும் மறைவும்

கலிபோர்னிய உழவர் நன்றியோடு கோபெலேக்குப் பொற்கடிகாரம் பரிசளித்தனர். திட்டமிட்டவர் ரைலி, தேடிக் கண்டவர் கோபெலே. புகழ் யார்க்கு உரியது என்னும் பூசல் எழுந்து இருவர் நட்பையும் குலைத்தது. ரைலி விரைந்து சினங்கொள்ளும் இயல்பினர்; தம் உழைப்பை உலகம் மறப்பதைப் பொறுக்கமாட்டாதவர். பெரியோரிடத்தும் இத்தகைய குறை உண்டு. எனினும், அறிந்தவன் சொல்லும் தேடுபவன் காலும் சேர்ந்தே அச்செயலை முடித்தன.

தாம் அரிதின் திரட்டிய ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட பூச்சி மாதிரிகளை ரைலி நாட்டின் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் காலையில் மிதிவண்டியில் சென்றபோது, தெருவிற் கிடந்த ஒரு கல்லில் சக்கரம் மோதிக் கீழே விழுந்தார். அன்றே உயிர் நீத்தார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள்கூட நிரம்பாத வாழ்வு அது.

தமிழகத்திற்கு வந்த பயன்

ரைலியின் வண்டு தமிழகத்திற்கும் வந்தது. 1928-ஆம் ஆண்டளவில் நீலகிரி மலையின் சீகை மரங்களில் அதே செதில்பூச்சி பெருகியது. அதற்கடுத்த ஆண்டுகளில் வெடாலியா வண்டுகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, வளர்த்துப் பெருக்கப்பட்டு, அம்மலையில் விடப்பட்டன. அங்கும் அவை பகைப்பூச்சியை அடக்கின.

வெற்றியை மறந்தோர்க்குக் காலம் பாடம் புகட்டியது. 1940-களின் பிற்பகுதியில் கலிபோர்னிய உழவர் சிலர் டி.டி.டி. என்னும் நஞ்சைத் தோட்டங்களில் தெளித்தனர். நஞ்சினால் பொறிவண்டுகள் மடிந்தன. செதில்பூச்சி மீண்டும் தலையெடுத்தது. தெளிப்பதைக் குறைத்து வண்டுகளை மறுபடியும் கொண்டுவந்து விட்ட பின்னரே மரங்கள் பிழைத்தன.

ஒரு மாமரத்தில் வாழும் உயிர்கள் எண்ணில. பொறிவண்டும் சிலந்தியும் குளவியும் முசுறும் கூலி கேளாமல் இரவும் பகலும் காவல் புரிகின்றன. பகைவர் யார், நண்பர் யார் என்று அறியாமல் எல்லாவற்றையும் கொல்பவர் தம் காவலரையே கொன்றவராவர். அழிப்பதற்கு முன் ஆராய்க என்பதே ரைலியின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.