தமிழவேள் கோ. சாரங்கபாணி: சிதறிக் கிடந்தோரைச் சமுதாயமாக்கிய செம்மல்

ஓர் ஊரில் பல்லாயிரம் பேர் வாழ்வதனால் மட்டும் அங்கு ஒரு சமுதாயம் தோன்றிவிடுவதில்லை. ஒரே மொழியைப் பேசுவோராயினும், சாதியாலும் சமயத்தாலும் பிறந்த ஊராலும் செய்யும் தொழிலாலும் பிரிந்து நிற்பார்களானால், அவர்களைக் கூட்டம் என்று கூறலாமேயன்றிச் சமுதாயம் என்று கூறவியலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த தமிழர்களின் நிலை ஏறத்தாழ இத்தகையதே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், நகராட்சியில் கூலி வேலை செய்தோர், சிறு கடை வைத்தோர், வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், அலுவலக எழுத்தர், இரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியோர் எனப் பல திறத்தினராய்த் தமிழர் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்துடனேயே நாள்களைக் கழித்தனர். நிற்கும் மண்ணைத் தம் மண்ணென்று கருதாதவர்க்கு அம்மண்ணில் உரிமை கேட்கும் எண்ணமும் எழுவதில்லை. இந்நிலையை மாற்றுவதற்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

வந்தவர் நிலைத்தார்

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் திருவாரூரில் பிறந்தார். 1924ஆம் ஆண்டில், இருபத்தோராம் வயதில், சிங்கப்பூர் வந்து ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். கணக்கேட்டுடன் நின்றுவிட அவர் உள்ளம் இசையவில்லை. தமிழகத்தில் அப்போது பரவி வந்த சுயமரியாதைக் கருத்துகள் கடல் கடந்தும் வந்துகொண்டிருந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூர் வரை சுற்றுப்பயணம் செய்தார். அப்பயணம் இளைஞர் பலரைப் போலவே சாரங்கபாணியையும் ஆழமாகத் தொட்டது. சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த ‘முன்னேற்றம்’ என்னும் வார இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

1932ஆம் ஆண்டில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதை வளர்த்தோருள் சாரங்கபாணி முன்வரிசையில் நின்றார். சாதி வேற்றுமையை ஒழித்தல், கள்ளுக் குடியைத் தடுத்தல், சடங்குகளில் வீண் செலவைக் குறைத்தல், பெண்களுக்கும் சிறுவர்க்கும் கல்வி அளித்தல் என்பன அச்சங்கத்தின் நோக்கங்களாக இருந்தன. பிறர்க்கு உரைத்ததைத் தம் இல்லத்திலும் கடைப்பிடித்தவர் அவர். சீனப் பெண்மணி ஒருவரை வாழ்க்கைத் துணைவியாக ஏற்றதன்வழி, சாதி எல்லையை மட்டுமன்றி இன எல்லையையும் கடந்து காட்டினார்.

முரசு முழங்கியது

சங்கத்தின் கருத்துகள் கூட்ட அரங்கைத் தாண்டிச் செல்ல ஓர் இதழ் தேவைப்பட்டது. 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ வார இதழாகப் பிறந்தது. விரைவில் அதன் முழுப் பொறுப்பும் சாரங்கபாணியின் தோள்மேல் வந்தது. 1937இல் அது நாளிதழாயிற்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நின்றுபோன முரசு, போர் முடிந்தபின் மீண்டும் முழங்கியது.

முரசு செய்தி தருவதுடன் நின்ற ஏடன்று. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சூழ்ந்திருந்தோர் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது. ஒரு தோட்டத்தின் துயரத்தை மற்றொரு தோட்டம் அறிந்ததும், துறைமுகத் தொழிலாளியின் குறையைக் கடைக்காரர் அறிந்ததும் அதன் பக்கங்கள் வழியேதான். ஒருவரையொருவர் அறியாதவர்களிடையே ஒற்றுமை பிறப்பதெங்ஙனம்? அந்த அறிமுகத்தை நாள்தோறும் செய்து வைத்ததே முரசின் முதற்பெரும் தொண்டு.

இளையோர்க்கென 1950களின் தொடக்கத்தில் முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதி மலர்ந்தது. எழுதிப் பழகாத சிறுவர்களும் தம் பெயரை அச்சில் கண்டு மகிழ்ந்தனர். ஏட்டின் பக்கத்தில் தொடங்கிய அம்மன்றம் பின்னர் ஊர்தோறும் இளைஞர் மணிமன்றங்களாகக் கிளைத்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகில் பின்னாளில் பெயர் பெற்றோர் பலர் அந்த நாற்றங்காலில் முளைத்தவர்களே.

ஓரவையும் ஒரு திருநாளும்

போருக்குப் பின் தமிழர் அமைப்புகள் பெருகின. ஆயினும், ஒவ்வொன்றும் தனித்தனியே குரல் கொடுத்தமையால் அரசாங்கத்தின் செவியில் எதுவும் முழுமையாக விழவில்லை. இதனை உணர்ந்த சாரங்கபாணி, பல்வேறு சங்கங்களை ஒன்றிணைத்து 1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவாக முன்னின்றார். ஊர்ச் சங்கமும் தொழிற்சங்கமும் சமயச் சங்கமும் தத்தம் தனித்தன்மையை விட்டுவிடாமலேயே பொதுக் காரியத்திற்கு ஒன்றாக அமர அச்சபை இடமளித்தது.

அடுத்த ஆண்டு, 1952ஆம் ஆண்டு பொங்கலையொட்டி, தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பெற்றது. அவர் பொங்கலைத் தேர்ந்தெடுத்ததில் நுண்ணிய சிந்தனை இருந்தது. தீபாவளியைக் கொண்டாடுவோர் இந்துக்கள். நோன்புப் பெருநாள் இசுலாமியர்க்கு உரியது. கிறித்துமஸ் கிறித்தவர்க்கு உரியது. உழைப்பையும் விளைச்சலையும் போற்றும் பொங்கலோ எல்லாத் தமிழர்க்கும் உரியதாகக்கூடியது. அதனைக் கோயில் எல்லைக்கு வெளியே கொணர்ந்து மொழித் திருநாளாக்கினால், எச்சமயத்தாரும் ஒரே மேடையில் அமரலாம் என்று அவர் கண்டார். சடங்குகளைக் கடுமையாகச் சாடிய சீர்திருத்தக்காரர், மக்களைக் கூட்டுவதற்கு ஒரு விழாவையே கருவியாகக் கொண்டார். பேச்சு, எழுத்து, கலை, விளையாட்டு எனப் போட்டிகள் நடைபெற்றன. பார்வையாளராக வந்து செல்வோரைவிடப் பங்கேற்போர் மிகுதியாக வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். விழா சிங்கப்பூருடன் நில்லாமல் மலாயாவின் நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது.

குடியுரிமை என்னும் கடமை

சாரங்கபாணியின் தொண்டுகளுள் தலையாயது எது என்று கேட்டால், குடியுரிமை பெறுமாறு தமிழரைத் தூண்டியதே என்று துணிந்து கூறலாம். 1953 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் இறுகின. விரும்பியபோது கப்பலேறி வருவதும் போவதுமான பழைய வாழ்க்கை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிறந்தோரும் எட்டாண்டுகள் இங்கு வாழ்ந்திருந்து, பிற நாட்டுப் பற்றுறுதியைத் துறந்தால் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்று அச்சட்டம் வழி திறந்தது.

சட்டம் வழி திறந்தாலும் மனம் எளிதில் திறக்கவில்லை. ஊரில் பெற்றோர், மனைவி மக்கள், காணி நிலம். இங்கே வேலையும் வருமானமும். பிறந்த நாட்டின் குடியுரிமையை விட்டுவிட்டால் நாளை ஊர் திரும்ப முடியுமா என்னும் அச்சம் ஒவ்வொரு தொழிலாளியின் நெஞ்சிலும் இருந்தது. அது பொருளற்ற அச்சமன்று. திருவாரூரில் பிறந்து கப்பலில் வந்தவராகிய சாரங்கபாணி அதனை நன்கு உணர்ந்திருந்தார். உணர்ந்தமையால்தான் அவருடைய அறிவுரை எடுபட்டது.

அவர் வாதம் எளிமையானது. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் ஏறத்தாழ 14 இலட்சத்து 46 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேரே. தமிழர் அதனினும் குறைவு. இச்சிறு தொகையினரும் வாக்கில்லாதவராக இருந்துவிட்டால், தமிழ்ப் பள்ளிக்கும் தமிழ் மொழிக்கும் வேலை உரிமைக்கும் யாரிடம் சென்று முறையிடுவது? விருந்தினர்க்கு உபசாரம் கிடைக்கலாம். வீட்டில் பங்கு கேட்க வீட்டாராக இருத்தல் வேண்டும். இக்கருத்தை முரசு மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு உதவியும் அளிக்கப்பெற்றது. மேடைப் பேச்சால் எழும் உணர்ச்சி மறுநாள் ஆறிவிடும் என்பதும், நிரப்பிக் கையொப்பமிட்ட தாள் நிலைத்து நிற்கும் என்பதும் அவர் அறிந்த உண்மைகள். 1957ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பதிவு இயக்கத்தில் எல்லா இனத்தவருமாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களாயினர். 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்களும் வாக்களித்தனர்.

மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 1965இல் நாடு தனிக் குடியரசானபோது அந்நிலை சட்டத்தால் உறுதி செய்யப்பெற்றது. இதற்குக் காரணங்கள் பல; அரசின் பல்லினக் கொள்கை அவற்றுள் முதன்மையானது. ஆயினும், உரிமை கேட்க உரியவராய்த் தமிழர் அங்கே குடிமக்களாக நின்றிருந்தமையும் அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

பல்கலைக்கழகத்தில் தமிழ்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் முயற்சி எழுந்தபோது, சமற்கிருதத்திற்கே முதன்மை தரவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றிருந்தது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராக இருக்கையில் தமிழே முதன்மை பெறுதல் வேண்டும் என்று சாரங்கபாணி போராடினார். கோரிக்கையுடன் நில்லாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் துறையின் தமிழ் நூலகத்திற்கு நிதியும் திரட்டினார். செல்வரிடம் மட்டும் கையேந்தாமல் தொழிலாளரையும் தோட்ட மக்களையும் நாடியமை அந்நிதியின் சிறப்பு. தம் பிள்ளை அங்கே கால் வைப்பான் என்று எண்ணிப் பார்த்திராதவர்களும் பல்கலைக்கழகத்திற்குத் தம் பங்கை ஈந்தனர். 1956இல் துறை தோன்றியது. தமிழ் அதில் உரிய இடம் பெற்றது. பின்னர் கோலாலம்பூரில் நிலைபெற்ற அத்துறைக்கு 1961இல் தனிநாயகம் அடிகளார் தலைவராக வந்ததும், 1966இல் அந்நகரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் வரலாறு.

சோதனையும் நிறைவும்

அவர் வாழ்வில் இடர்களும் இல்லாமலில்லை. இதழ் நடத்துதல் என்றும் கடன்சுமையோடு கூடிய பணியே. 1963இல் முரசின் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, இதழ் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வெளிவராமல் நின்றது. உழைப்பவர் குரலாக விளங்கியவர், தம் உழைப்பாளரே எதிர்நிற்கக் காண நேர்ந்தது. ஒற்றுமை என்பது ஒருமுறை ஈட்டி வைத்துக்கொள்ளும் பொருளன்று என்பதை அவர் இல்லமே உணர்த்தியது. மனம் தளராமல் முரசை மீண்டும் எழச் செய்து, இறுதிவரை நடத்தினார். 1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் காலத்துத் தமிழ் அமைப்புகளுள் சில நிலைத்தன, சில உருமாறின. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பெற்றது. தமிழ் முரசு 1995இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறி, தொடர்ந்து நாள்தோறும் வெளிவருகிறது. நாணயத்தாளிலும் நாடாளுமன்றத்திலும் சிங்கப்பூரில் தமிழுக்கு இடமுண்டு.

சாரங்கபாணி அரசியற் பதவி எதுவும் வகித்து இவற்றைச் செய்தாரல்லர். ஓர் இதழ், ஒரு சங்கம், ஒரு விழா, ஒரு விண்ணப்பத் தாள் என எளிய கருவிகளே அவர் கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு, வேடிக்கை பார்த்திருந்தோரைப் பங்கேற்போராகவும், தங்கிப் போக வந்தோரைக் குடிமக்களாகவும் ஆக்கினார். சிறு அறையில் கூடிக் கவிதை படித்து, கணக்கெழுதி, மலர் வெளியிடும் ஒவ்வொரு தமிழ் மன்றமும் அவர் கையாண்ட அதே கருவிகளைத்தான் ஏந்தியிருக்கின்றது. அவற்றைத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருப்பதே தமிழவேளுக்குச் செய்யும் நன்றிக்கடன்.