சிரங்கென்று விட்டுவிடாதவர்: ஜேம்ஸ் பேஜெட்

நோயியல் பாடத்தில் பேஜெட் என்ற பெயர் எலும்பு நோயில் ஒருமுறை வரும், மார்பகப் புற்றுநோயில் மறுமுறை வரும். தேர்வுக்காக மனனம் செய்த அப்பெயருக்குரியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, நம்மைப் போன்ற ஒரு மாணவனைத்தான் நான் முதலில் சந்தித்தேன்.

1814-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில் பிறந்தவர் அவர். தந்தையின் தொழில் நொடித்தது. அந்தக் கடனைப் பிள்ளைகள் பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார்கள்.

1835-இல் இலண்டன் புனித பார்த்தலோமியூ மருத்துவமனையில் அவர் முதலாம் ஆண்டு மாணவர், வயது 21. அறுக்கப்பட்ட ஒரு சடலத்தின் தசையில் வெண்ணிறப் புள்ளிகள் தென்பட்டன. கத்தியை மழுக்கும் எலும்புத் துணுக்குகள் என்று மற்றவர்கள் ஒதுக்கியவை அவை. பேஜெட் நுண்ணோக்கி தேடிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே போனார். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் கருவியில் பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு சுருண்ட புழு! அந்தச் செய்தியை மருத்துவமனையின் மாணவர் கழகத்தில் அவர் வாசித்தார். (கழகம் நடத்தும் நமக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.) புழுவுக்குப் பெயர் சூட்டிய புகழோ ரிச்சர்ட் ஓவனுக்குப் போயிற்று.

பின்னாளில் விக்டோரியா அரசியாரின் மருத்துவராக உயர்ந்தும் அந்தக் கண் மாறவில்லை. 1874-இல் சுமார் 15 பெண்களைப் பற்றி எழுதினார். மார்புக்காம்பில் சிவந்து கசியும் புண்; எந்த மருந்துக்கும் ஆறாது. பார்த்தவர்கள் சிரங்கு என்பார்கள். ஆனால் இரண்டாண்டுக்குள், பெரும்பாலும் ஓராண்டிலேயே, அதே மார்பகத்தில் புற்றுநோய் தோன்றியதை அவர் கவனித்தார்.

மார்பகப் புற்றுநோய் நூறில் ஒன்று முதல் மூன்று வரையே இவ்வகை. இன்று அப்புண்ணின் மேற்பரப்பைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றிப் பார்க்கலாம். தோலின் உயிரணுக்களுக்கிடையே, வெளிறிப் பருத்து, பெரிய உட்கருவுடன் அந்நியர்போல் சில தெரியும். அவையே பேஜெட் உயிரணுக்கள். பிறகு சிறு துண்டுத் தோலை எடுத்து உறுதி செய்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவற்றை அவர் விவரிக்கவில்லை. 1889-இல் பிரெஞ்சு மருத்துவர் தாரியே அவற்றை ஒட்டுண்ணிகள் என்றே நினைத்தார். புற்றுநோய் உயிரணுக்கள் என்று தெளிவானது பிறகுதான். கண்ணால் கண்டதையும் காலக்கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு, புண்ணுக்கும் புற்றுக்கும் தொடர்பு சொன்னார் பேஜெட். என்னைக் கேட்டால், புழுவைக் கண்டதைவிட இதுவே அரிது. ஏனெனில் கூச்சத்தால் மறைத்து, களிம்பு பூசியே மாதங்களைக் கடத்தும் தாய்மார் நம் வீடுகளிலும் உண்டு. ஒரு பக்கக் காம்பில் மட்டும் புண் ஆறாமலிருந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

1899 டிசம்பர் 30-இல் பேஜெட் மறைந்தார். மார்பகப் புற்று உடலின் சில இடங்களுக்கு மட்டும் பரவுவது ஏன் என்ற கேள்வியை அதற்குள் அவர் மகன் ஸ்டீபன் எடுத்துக்கொண்டிருந்தார். 1889-இல் 735 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, விதைக்கேற்ற மண் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தவர் அவர்தான்.