குளத்து நீரில் கொடுநோயைக் கண்டவர்



தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. இவ்வுண்மையை உலகுக்கு மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய மருத்துவ மேதை இராபர்ட் கோக்.

1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த கோக், சிற்றூர் மருத்துவராயிருந்தபோதே தம் இல்லத்தில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து பெரும் புகழெய்தினார்.

மறு ஆண்டு எகிப்தில் வாந்திபேதி பரவியது. அதனை ஆராய ஜெர்மானிய அரசு கோக்கின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அங்கே சீதபேதியால் மாண்டோரின் குடலில் அமீபா என்னும் ஒட்டுண்ணியையும் அவர் கண்ணுற்றார். அதே ஆய்வுக்கென வந்திருந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்யியே வாந்திபேதிக்கே இரையானார். எனினும் கோக் பின்வாங்கவில்லை. எகிப்தில் நோய் தணியவே, அதனைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார்.

அங்கு ஒரு குளம். சுற்றியிருந்த குடிசைவாசிகள் அதிலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அந்நீரையே பருகினர். வாந்திபேதியால் இறந்தவரின் துணியும் அதிலேயே அலசப்பட்டது. கோக் அந்நீரை எடுத்து, சத்துச் சேர்த்த ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தட்டில் பரப்பினார். ஒவ்வொரு கிருமியும் தனித்தனிப் புள்ளியாய்ப் பெருகியது. அவற்றை நுண்ணோக்கியில் நோக்க, நோயாளிகளின் குடலில் கண்ட அதே வளைந்த கிருமி குளத்து நீரிலும் இருந்தது! 1884இன் தொடக்கத்தில் இச்செய்தி உலகை எட்டியது. இத்தாலிய அறிஞர் பசீனி 1854இலேயே அக்கிருமியைக் கண்டிருந்தும், அன்று உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கோக்கின் கூற்றையும் பலர் ஏற்க மறுத்தனர். 1892இல் எல்பா ஆற்று நீரை வடிகட்டாது வழங்கிய ஹாம்பர்க் நகரில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டி வழங்கிய அண்டை நகரான அல்டோனாவோ பெரிதும் தப்பியது. நீரே நோயைச் சுமக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காசநோய் ஆய்வுக்காக 1905இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மறைந்தார்.

ஏதிலியாய் முகாமில் ஒரு வாளி நீருக்கு வரிசையில் நின்றவன் நான். அதனைக் கொதிக்கவைக்க விறகு கிட்டாத நாட்களில், குழந்தைகள் வயிற்றுப்போக்கால் துவண்டதையும் கண்டவன். தின்கன்ஜூனில் மழைநீர் தேங்கும் காலத்தில், அடுப்பில் நீர் கொதிக்கட்டும் என்று அன்னை சொன்னால், தாகத்தைச் சற்றே பொறுத்திருங்கள். அச்சொல்லின் பின்னே கல்கத்தாக் குளக்கரையில் நின்ற அம்மேதையின் உழைப்பும் இருக்கிறது.