ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி

ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி (மார்ச் 14, 1835 – ஜூலை 4, 1910) செவ்வாய்க் கோளின் விரிவான நிலப்படத்தை வரைந்த இத்தாலிய வானியலாளர் ஆவார். சவிலியானோவில் பிறந்த இவர், தூரின் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றுப் பின்னர் வானியலுக்கு வந்தவர். 1862 முதல் 1900 வரை மிலானின் பிரேரா வானாய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

1877 இல் செவ்வாய் பூமியை நெருங்கியபோது, 22 செ.மீ. தொலைநோக்கியால் அதன் பரப்பில் நீண்ட கோடுகளைக் கண்டு அவற்றைக் "கனாலி" என்றார். இத்தாலிய மொழியில் இச்சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ வெட்டப்பட்ட கால்வாய் என்றே மொழிபெயர்க்கப்பட்டது. ஒரு சொல்லால் நேர்ந்த குழப்பம் இது. அமெரிக்கரான பெர்சிவல் லோவெல், அவை அறிவுள்ள உயிரினங்கள் வெட்டியவை என நூல்களே எழுதினார்.

அக்கோடுகள் பெரும்பாலும் கண்மயக்கே என்பது 1965 இல் மரைனர் 4 அனுப்பிய படங்களால் தெளிவாயிற்று. ஆயினும் 1972 இல் மரைனர் 9 அங்கே உண்மையான வறண்ட ஆற்றுத்தடங்களைப் படம்பிடித்தது; அவை இவரது தொலைநோக்கிக்கு எட்டாதவை. ஹெல்லாஸ், தார்சிஸ், எலீசியம் என இவர் இட்ட பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.